தூளிக் கொக்கியில் தொங்குது மைக்!

சமயபுரத்துக்கு நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்.

மஞ்சள் ஆடை. கையில் வேப்பிலை. தலையில் பூத்தட்டு. காலில் செருப்பு இல்லை. திருச்சியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்தைக் கடந்து கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாட்கள் பக்தர்களுக்காக அம்மனே பட்டினி விரதம் இருக்கிறாள்! வேறு ஊர்களில் பக்தர்கள்தான் விரதம் இருப்பார்கள். இங்கே தாயே விரதம் இருக்கிறாள். இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இவ்வளவுதான் அந்த நாட்களில் அவளுக்கு நிவேதனம்.

அந்தக் கூட்டத்தில் வயதான அம்மாள் ஒருத்தி பாடிக்கொண்டே நடப்பாள். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். யாரோ உடுக்கை அடிப்பார்கள்.

மாரியம்மன் தாலாட்டு புத்தகமாக அச்சாகிக் கடைகளில் விற்கிறது. ஆனால் அந்த அம்மாள் பாடும் பாட்டு எல்லாமே புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவள் தாயிடம் கற்றது, மாமியாரிடம் கேட்டது, வழியில் தானே கட்டியது எல்லாம் அதில் கலந்திருக்கும். மெட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவள் தொண்டையில்தான் இருக்கிறது!

"இந்தப் பாட்டைப் பிடித்து வைத்துவிட வேண்டும்" என்று பேரனுக்குத் தோன்றுகிறது. நல்ல எண்ணம்தான். கடைக்குப் போகிறான். மைக் வாங்கி வருகிறான். வீட்டின் ஒரு மூலையில் போர்வையைக் கட்டி ஒலிப்பதிவு அறை அமைக்கிறான். பாட்டி பாடுகிறாள்.

போட்டுக் கேட்டால், பாட்டியின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது! நடுவே "தொம், தொம்" என்று இடிக்கிறது. லாரி உறுமுகிறது.

மைக் மேல் பழி சொல்லாதீர்கள். பெரும்பாலும் குற்றம் மைக்கில் இல்லை. அதை மாட்டிய விதத்தில் இருக்கிறது.

திருச்சி கண்ட மைக்

மைக் திருச்சிக்குப் புதிது அல்ல.

1939-ம் ஆண்டு மே 16-ந் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. 1947-ல் நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவுக்கு மொத்தம் 6 வானொலி நிலையங்கள்தான் இருந்தன. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லட்சுமணபுரி. ஆறாவது நம் திருச்சி! ஆறில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன என்பது நமக்குப் பெருமை.

அந்த நிலையத்தின் குரலுக்கு எவ்வளவு சக்தி இருந்தது தெரியுமா? 1960-களில் 'ஆடுதுறை 27' என்ற நெல் ரகத்தைப் பற்றி வானொலியில் விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் அதைக் கேட்டுப் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்துவிட்டது! மைக் முன்னால் பேசிய பேச்சு வயலில் கதிராக விளைந்தது.

வானொலி நிலையங்களில் மைக்கை வைப்பதற்கு முன் அறையைத்தான் கட்டுவார்கள். கனமான சுவர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்தின பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். உள்சுவரில் சத்தத்தை உறிஞ்சும் பலகை. அதன் பிறகுதான் மைக்!

நம் வீட்டில் அவ்வளவு செய்ய முடியாது. ஆனால் அவர்கள் செய்ததன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முட்டை அட்டை வேண்டாம்!

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிடலாம்.

சத்தத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று வெளியிலிருந்து வரும் சத்தம். மற்றொன்று அறைக்குள்ளேயே உண்டாகும் எதிரொலி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

போர்வையும் மெத்தையும் எதிரொலியை உறிஞ்சும். ஆனால் லாரிச் சத்தத்தைத் தடுக்காது. வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனம். செங்கல் சுவரின் கனம், தேக்குக் கதவின் கனம். அத்துடன் சந்து இல்லாமல் அடைப்பது. கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து இருந்தால் போதும், தெருவே உள்ளே வந்துவிடும்.

முட்டை வைக்கும் காகித அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வெளிச்சத்தத்தையும் தடுக்காது. எதிரொலியையும் சரியாக உறிஞ்சாது. தெர்மோகோலும் அப்படித்தான். கரப்பான் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்!

இலவம்பஞ்சு மெத்தை நல்லது. கனத்த ஜமக்காளம், பழைய கம்பளி நல்லது. சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

லாரிக்கு என்ன செய்வது? சமயபுரம் சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஊரெல்லாம் கேட்கும். அதோடு போட்டி போட முடியுமா? நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் அடங்கிய பிறகு, அல்லது விடியற்காலை கோழி கூவும் முன், சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள அறையில் பதிவு செய்யுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

எந்தப் பக்கம் போர்வை?

நான்கு அடிக்கு நான்கு அடி மறைப்பு. அதற்குள் ஒரு மைக். ஒருவர் பாட வேண்டும். போர்வை ஒன்றுதான் இருக்கிறது. எந்தப் பக்கம் கட்டுவீர்கள்?

"மைக்குக்குப் பின்னால்" என்றுதான் பலர் சொல்வார்கள். அதில்தான் தவறு!

பாட்டுக்கு உபயோகிக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் நன்றாகக் கேட்கும். பின்பக்கம் காது மந்தம். மைக்கின் முகம் பாடுபவரை நோக்கி இருக்கிறது. அப்படியானால் அது எதைப் பார்க்கிறது? பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை! அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் நேரே மைக்கின் வாயில் விழும். ஆகவே முதல் போர்வை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டாவது இரு பக்கங்களில். மைக்குக்குப் பின்னால் கடைசியில்.

சத்தம் வினாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. இரண்டடி தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்ப வினாடியில் 280-ல் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அவ்வளவு சீக்கிரம் வரும் எதிரொலியை நம் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. குரலோடு கலந்து, குரலையே கெடுத்துவிடும். அதுதான் அந்தக் "குடத்துக் குரல்".

இன்னொன்று. நீளமும் அகலமும் சரியாக ஒன்றாக இருக்கும் அறையைத் தவிர்த்துவிடுங்கள். நாலடிக்கு நாலடி அறை வினாடிக்குச் சுமார் 140 அதிர்வுள்ள சுரத்தில் தானாகவே ரீங்கரிக்கும். ஆண் குரல் புழங்கும் இடம் அது! நீளமும் அகலமும் ஒன்றானால் அந்த ரீங்காரம் இரட்டிப்பாகும். ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் ஐந்தரை என்று இருந்தால் தொல்லை குறையும். மைக்கை அறையின் சரி நடுவில் வைக்க வேண்டாம். மூலையில் திணிக்கவும் வேண்டாம்.

ஸ்டாண்டா, சுவரா, கூரையா?

இனி மாட்டும் வேலைக்கு வருவோம்.

மூன்று கால் ஸ்டாண்டு எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சின்ன அறையில் அதன் மூன்று காலும் பாடுபவரின் இரண்டு காலும் ஒன்றோடொன்று மோதும். தாளம் போட்டால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் கால் அதிரும். கால் அதிர்ந்தால் மைக்கில் "தொம்"! ஸ்டாண்டுதான் என்றால், நீட்டுக் கம்பி எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் வரும்படி வையுங்கள். இல்லாவிட்டால் குடை சாய்ந்துவிடும். காலுக்கு அடியில் மடித்த சாக்கு போடுங்கள்.

மேஜை விளிம்பில் திருகி மாட்டும் மடக்குக் கை இப்போது மிகவும் பிரபலம். பேச்சுக்குச் சரி. ஆனால் மேஜையில் கை பட்டால் அதுவும் பதிவாகும்.

சுவரில் திருகலாம். செங்கல் சுவரானால் மிக நல்லது. அது கனமானது, எளிதில் அசையாது. ஒட்டுப்பலகையால் கட்டிய மறைப்பானால் மட்டும் அதில் மாட்டவே மாட்டாதீர்கள். அந்தப் பலகை தம்புராவின் குடம் மாதிரி. பாட்டுக்கு அதுவும் கூடவே அதிரும்!

நான் சிபாரிசு செய்வது கூரையைத்தான்.

நம் வீடுகளில் பெரும்பாலும் கூரையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். பழைய வீடானால் உத்தரத்தில் இருக்கும். எதற்கு? குழந்தைக்குத் தூளி கட்ட! பத்துக் கிலோ குழந்தை அதில் ஆடியிருக்கிறது. அரைக் கிலோ மைக்கை அது தாங்காதா? தரையில் கால் இல்லை. ஸ்டாண்டு தடுக்காது. பாடுபவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பாட்டி தாலாட்டுப் பாடிய அதே இடத்தில் உட்கார்ந்து பாடலாம்.

தொங்கவிடுவது எப்படி?

ஒரே கயிற்றில் கட்டினால் மைக் சுழன்று சுவரைப் பார்க்கும். ஆகவே கொக்கியிலிருந்து இரண்டு நைலான் கயிறு இறக்கி, மைக் தாங்கும் வளையத்தின் இரு பக்கமும் கட்டுங்கள். பிறகு வளையத்திலிருந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மெல்லிய கயிற்றைச் சுவருக்கு இழுத்துக் கட்டுங்கள். இழுத்துக் கட்டுவது ஆட்டத்தை நிறுத்த மட்டும். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக வேண்டாம்.

இன்னொரு கயிறும் வேண்டும். அது தளர்வாக, மைக்கின் உடலிலிருந்து நேரே கொக்கிக்கு. மற்றதெல்லாம் அறுந்தாலும் இது பிடித்துக்கொள்ளும். கீழே பாட்டியின் தலை இருக்கிறது. அதை மறக்க வேண்டாம்!

அறையில் மின்விசிறி இருந்தால் நிறுத்திவிடுங்கள். மாடியில் ஓடும் விசிறியின் அதிர்வுகூட கான்கிரீட் வழியாகக் கொக்கிக்கு வரும். அதற்குத்தான் அடுத்த சாமான்.

ரப்பரின் ரகசியம்

மைக்கைச் சிலந்தி வலை மாதிரி ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டிருப்பதைச் சினிமாப் பாடகர்களின் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல.

ரப்பரில் தொங்கும் பொருளுக்கு என்று ஒரு சொந்த ஆட்டம் உண்டு. மைக்கின் கனத்தில் ரப்பர் ஒரு சென்டிமீட்டர் தொய்ந்தால், அந்த மைக் வினாடிக்குச் சுமார் 5 முறை ஆடும். லாரி அதிர்வும் காலடி அதிர்வும் பெரும்பாலும் இதைவிட வேகமானவை. அந்த வேகத்துக்கு மைக் ஈடு கொடுக்காது. அதிர்வு ரப்பரிலேயே நின்றுவிடும்.

ஆகவே ரப்பர் மிக விறைப்பாக இருந்தால் பயன் இல்லை. மிகத் தளர்வாக இருந்தால் மைக் சரிந்து வளையத்தில் இடிக்கும். ஒரு சென்டிமீட்டர் தொய்வு நல்ல கணக்கு. அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

கடையில் வாங்க வசதி இல்லையா? ஒரு கை அகலமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு எடுங்கள். விளிம்பில் எட்டு வெட்டு வெட்டுங்கள். பழைய சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக அறுத்துக் குறுக்கும் நெடுக்கும் மாட்டுங்கள். நடுவில் மைக். முடிந்தது! ஆனால் திருச்சி வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடித்துப் போகும். கோடைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் "தொம்" போகவில்லையா? மைக் கம்பியைப் பாருங்கள். கம்பி விறைப்பாக இழுபட்டிருக்கும். ரப்பர் தடுத்த அதிர்வு கம்பி வழியே குறுக்கு வழியில் போய்விடுகிறது! மைக்குக்கு அருகே கம்பியை ஒரு வளையம் சுற்றி, தளர்வாக விட்டு, வளையத்தோடு நூலால் கட்டுங்கள்.

"ப" என்றால் புயல்!

எரியும் மெழுகுவர்த்தியை வாய் முன் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, "அம்மா" என்று சொல்லுங்கள். சுடர் சும்மா இருக்கும். "பம்பை" என்று சொல்லுங்கள். சுடர் துள்ளும்!

"ப" என்ற எழுத்தில் காற்று வெடித்து வருகிறது. அந்தக் காற்று மைக்கில் மோதினால் குண்டு போட்ட சத்தம் வரும். அம்மன் பாட்டில் பூ, பம்பை, பட்டு, பாதம் எத்தனை வருகின்றன, எண்ணிப் பாருங்கள்.

வைத்தியம் சுலபம். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்து மாட்டுங்கள். அதை மைக்குக்கு முன் நாலு விரல் தள்ளிக் கட்டுங்கள். அதற்கு முன் இன்னும் நாலு விரல் தள்ளி வாய். ஆக மைக்குக்கும் வாய்க்கும் ஏறக்குறைய ஒரு சாண். துணி மைக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயன் குறையும்.

மைக் வாய்க்கு நேரே வேண்டாம். மூக்கு மட்டத்தில் வைத்து, வாயை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்த்து மாட்டுங்கள். காற்று அடியில் போய்விடும். குரல் மட்டும் மைக்கில் விழும்.

மைக்கின் முகம் எது என்று முதலில் பாருங்கள்! பருமனான மைக்குகள் பலவற்றில் உச்சி முகம் அல்ல, பக்கவாட்டில்தான் கேட்கும். பெயர் பொறித்த பக்கம் பெரும்பாலும் முகமாக இருக்கும். இது தெரியாமல் ஐஸ்கிரீம் சாப்பிடுவது போல் உச்சியில் பாடுகிறவர்கள் உண்டு. கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். படித்துவிட்டு மாட்டுங்கள்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெருங்கினால் குரல் கனக்கும். விலகினால் அறையின் சத்தம் கூடும். 1925 வரை இசைத்தட்டுப் பதிவுக்கு மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய குழாய்க்குள் தலையை நீட்டித்தான் பாட வேண்டும்! உச்சஸ்தாயி வந்தால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் தேர்ந்த பாடகர்களிடம் உண்டு. ஆனால் பாட்டிக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பாட்டியை மாற்றாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நேரே நில்லுங்க பாட்டி", "தலையை ஆட்டாதீங்க", "கையைத் தட்டாதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டு நின்றுவிடும். "எனக்கு மறந்து போச்சுப்பா" என்பாள். உண்மையாகவே மறந்துதான் போயிருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, உடம்பை ஆட்டி, கை தட்டித்தான் அந்தப் பாட்டு அவளுக்கு வரும். உடம்பு நின்றால் பாட்டும் நிற்கும்.

ஆகவே அவள் எப்படி உட்காருகிறாளோ, அந்த உயரத்துக்கு மைக்கை இறக்குங்கள். கூரையிலிருந்து தொங்கவிடுவதில் இது ஒரு சௌகரியம். கயிற்றை நீட்டினால் போதும். தலை ஆடுமானால் ஒரு சாணுக்குப் பதில் ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள். குரலின் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது. உடுக்கை இருந்தால் அதை மைக்கின் பின்பக்கம் வரும்படி உட்கார வையுங்கள். அங்கேதான் மைக்குக்குக் காது மந்தம்.

மைக்கை முதல் நாளே மாட்டி வைத்துவிடுங்கள். மறுநாள் பாட்டி வந்து உட்காரும்போது அது வீட்டுச் சாமான்களில் ஒன்று போல் ஆகியிருக்கும். அறையை இறுக்கி மூடாதீர்கள். நாலடி ஐந்தடி அறையில் காற்று எவ்வளவு இருக்கும்? கால் மணிக்கு ஒருமுறை திறந்து, தண்ணீர் கொடுத்து, பிறகு தொடருங்கள். பஞ்சு மெத்தை சூழ்ந்த இடத்தில் விளக்கோ ஊதுவத்தியோ கொளுத்தவே கூடாது. மெழுகுவர்த்திப் பரிட்சையைக் கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!

மைக்கைத் தொட்டால் கையில் "சுருசுரு" என்கிறதா? மின்சார நிலத்தொடர்பு சரியில்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகுதான் பாட்டியை உட்கார வைக்க வேண்டும்.

முதலில் மௌனத்தைப் பதியுங்கள்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. உடனே பாடச் சொல்லாதீர்கள்.

ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். குளிர்பெட்டியின் முனகல், குழாய்ச் சொட்டு, சுவர்க் கடிகாரத்தின் "டிக் டிக்" எல்லாம் தெரியவரும். நேரில் இதெல்லாம் காதில் விழவே விழாது. நம் மனசு வேண்டாததைத் தள்ளிவிடும். மைக்குக்கு மனசு இல்லை!

ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். பிறகு தரையில் ஒருமுறை காலால் தட்டிப் பாருங்கள். அது பதிவாகவில்லை என்றால் மைக்கைச் சரியாக மாட்டியிருக்கிறீர்கள்.

பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாமல், பாட்டியின் பெயரையும் ஊரையும் அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் கற்றாள் என்றும் கேளுங்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டுக்குப் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று அந்தத் தட்டைக் கேட்டாலும், பாடியவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவே பதிவை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மைக்கைக் கழற்றித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கயிறும் வளையமும் கொக்கியிலேயே இருக்கட்டும். பாட்டிக்கு மறுநாள் இன்னொரு பாட்டு நினைவுக்கு வரும்.